வராத அப்டேட்டும் சொல்ல வேண்டிய பாங்கும்

மயிலாப்பூர்,
கச்சேரி ரோட்டுப் பின்தெரு.

என் மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி, வாணியம்பாடி ஜனாப் இனாயத் அவர்களுக்கு, மயிலாப்பூர் கலீமுல்லா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நானும் என் மனைவி குல்ஷனும் அல்லாஹ்வின் அருளால் சுகமே. தங்கள் சுகமும், தங்கள் வீட்டம்மா ஷகீலா அவர்களின் முழங்கால் சுகமும், தோல் மண்டியின் வியாபார சுகமும் அறிய ஆவல். இங்கே மழை விட்டுவிட்டது, கொசு விடவில்லை. போனில் சொல்ல வேண்டியதை இந்த மனிதர் ஏன் தபாலில் எழுதுகிறார் என்று தாங்கள் நினைக்கலாம். விஷயமே போனைப் பற்றியது. ஒருவர் மேல் எழுதிய புகாரை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிற வழக்கம் நான் வேலை பார்த்த சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடையாது. அதனால்தான் கடிதம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். போனைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. தங்கள் மகனும் என் மாப்பிள்ளையுமான யாசிர், போன முறை அமெரிக்காவிலிருந்து வந்தபோது, அங்கே ஒரு மொபைல் கம்பெனியில் தவணைக்கு எடுத்து, தவணை முடிந்து, அந்தக் கம்பெனி போட்ட பூட்டையும் திறக்க வைத்து, புது உறை போட்டு என் கையில் கொடுத்தார். கொடுத்தபோது தாங்களும் பக்கத்தில் உட்கார்ந்து "எம் மவன் குடுத்தா சோடையா இருக்குமா?" என்று கேட்டீர்கள். நான் "மாஷா அல்லாஹ்" என்றேன். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன். ஒவ்வொரு முறை உயிர் வரும்போதும் அந்த அமெரிக்கக் கம்பெனியின் பெயர் திரை முழுக்க வந்து, ஊரைக் கூட்டுகிற மாதிரி ஒரு மணி அடிக்கிறது. அதைக்கூட நான் குறையாகச் சொல்லவில்லை. கண்ணியமான சம்பந்தி வீட்டுப் பொருள், சத்தம் போடத்தான் செய்யும்.

ஆனால் இந்த மாதம் பிறந்ததும் ஒன்று நடந்தது. என் மகள் ஜுவேரியாவோடு தினமும் முகம் பார்த்துப் பேசுகிற அந்த ஆப் இருக்கிறதே, அதைத் தொட்டேன். "இந்தப் போனின் மென்பொருள் பழையது, புதுப்பித்த பிறகே இயங்குவேன்" என்று எழுதிக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது. சரி, புதுப்பிப்போம் என்று அமைப்புகளுக்குள் போய்த் தேடினேன். ஒரு சக்கரம் சுற்றிற்று. "உங்கள் மென்பொருள் நடப்பு நிலையில் உள்ளது" என்று பதில் வந்தது. ஆப் நீ பழசு என்கிறது, போன் நான் புதுசு என்கிறது. இரண்டும் ஒரே கையகலக் கண்ணாடிக்குள் குடியிருக்கின்றன, ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லை. நானும் காலையில் ஒரு தடவை, லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒரு தடவை, சாப்பிட்டுவிட்டு ஒரு தடவை என்று தேடு பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறேன். "பொண்ணு கேட்டு வந்தவங்களுக்குப் பதில் வர்ற வரைக்கும் நீங்க இப்படித்தான் வாசலப் பாத்தீங்க" என்று குல்ஷன் தங்கள் வீட்டுச் சம்பந்தத்தை ஞாபகப்படுத்துகிறாள்.

முகம் பார்க்காவிட்டால் குரலாவது கேட்கலாமே, இதற்குப் போய் இவ்வளவு புலம்பலா என்பீர்கள். இன்ஷா அல்லாஹ் ஜுவேரியாவுக்கு இந்த மாதக் கடைசியில் பிரசவம். நானும் குல்ஷனும் நேரில் போகலாம் என்றால், விசா நேர்காணலுக்கு எங்களுக்குக் கிடைத்திருக்கும் தேதியில் குழந்தை நடக்க ஆரம்பித்திருக்கும். பிறந்த உடனே குழந்தையின் காதில் பாங்கு சொல்ல வேண்டும். யாசிரையே சொல்லச் சொன்னால், "எனக்குக் குரல் நடுங்கும் மாமா, பெரியவங்க யாராவது சொன்னாத்தான் பரக்கத்து" என்கிறார். ஆகவே பெரியவர் ஒருவர் இங்கிருந்து சொல்ல வேண்டும், அங்கே போனைக் குழந்தையின் காதருகே வைப்பார்கள் என்று ஏற்பாடு. அந்த ஆஸ்பத்திரிப் பிரசவ அறைக்குள் மொபைல் சிக்னல் நுழையாதாம். சாதாரண போன் பேச முடியாது. ஆஸ்பத்திரியின் வைஃபையில் அந்த ஆப் ஒன்றுதான் வேலை செய்யுமாம். சிக்னல் கொடுக்காத கம்பெனி எது என்று கேட்டேன். என் போனில் மணி அடிக்கிற அதே கம்பெனி.

இப்போது தங்களுக்கே புரிந்திருக்கும். அப்டேட் வந்தால் நான் சொல்லலாம். வராவிட்டால் முடியாது. வேறு போன் வாங்கினால் தீர்ந்தது என்று தெருவில் போகிறவரெல்லாம் யோசனை சொல்கிறார்கள். மாப்பிள்ளை கொடுத்த போனை ஓரமாக வைத்துவிட்டு மாமனார் புதுப் போன் வாங்கினார் என்ற பேச்சு வாணியம்பாடி வரைக்கும் வந்தால் தங்கள் மனம் என்ன பாடுபடும்? ஜுவேரியாவே, "அத்தா, வேற போன் மட்டும் வாங்கிடாதீங்க, எங்க மாமியார் வீட்ல தப்பா எடுத்துப்பாங்க" என்றாள். இரவல் வாங்கலாம் என்றால், எப்போது வலி எடுக்கும் என்று தெரியாத பிரசவத்துக்கு அடுத்த வீட்டுக்காரர் போனை எத்தனை நாள் பிடுங்கி வைத்துக்கொள்வது? ஆகவே தங்கள் வீட்டுப் போனையே தேற்றி எடுப்பது என்று இறங்கினேன்.

முதலில் தி.நகர், பாண்டி பஜாரில் நம் ஊர் மொபைல் கம்பெனியின் கடைக்குப் போனேன். டோக்கன் எடுத்து, குளிரில் நடுங்கி, என் முறை வந்தபோது நிலா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"சிம் நம்மளுதுதானே சார்?"

"உங்களுதுதாம்மா."

"நெட் வருதுல்ல?"

"வருது."

"அப்ப எங்க வேலை முடிஞ்சது சார். அப்டேட் எல்லாம் போன் கம்பெனி."

என் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து அந்தப் பிள்ளைக்கே மனசு கேட்கவில்லை. "எதுக்கும் சிம்மை 5ஜிக்கு மாத்திப் பாருங்க சார், சில பேருக்கு வந்திருக்குன்னு சொல்றாங்க" என்றாள். மாற்றினேன். வீட்டுக்கு வந்தால் போன் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது. மறுநாள் மத்தியானம்தான் உயிர் வந்தது. அப்டேட் வரவில்லை, கூடவே நான் கேட்காத ஒரு காலர் ட்யூன் வந்திருந்தது. அது என் காதில் விழாது, எனக்குப் போன் செய்கிறவர் காதில்தான் விழும். அன்று முதலில் போன் செய்தவர் பள்ளிவாசல் ஹஜ்ரத். "கலீம் பாய், வீட்ல ஏதும் விசேஷமா? உள்ள ஒரே குத்துப் பாட்டா இருக்கே" என்று கேட்டார். நீக்குவதற்கு ஒன்றை அழுத்தவும் என்றது ஒரு குரல். அழுத்தினேன். இன்னொரு பாட்டைச் சேர்த்துவிட்டு நன்றி சொன்னது. இப்போது திங்கள் முதல் வியாழன் வரை ஒரு பாட்டு, மற்ற நாள் வேறு பாட்டு என்று கேள்வி. தாங்கள் எனக்குப் போன் செய்தபோது அப்படி ஏதும் கேட்டிருந்தால் அது என் விருப்பமல்ல என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

அடுத்தது போன் கம்பெனியின் சர்வீஸ் சென்டர், அடையாறில். ஆட்டோ ஓட்டிய வடிவேலு நம் தெருக்காரர். வழி நெடுக என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னா பாய், போன் ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்லப்பா. அப்டேட் வரல."

"அட, அதுக்கா இம்மாந் தூரம் போற? எம் போன்ல 'அப்டேட் பண்ணு, அப்டேட் பண்ணு'ன்னு டெய்லி வந்துகினே கீது, நானும் தள்ளி வுட்டுகினே கீறேன். ஓணும்னா என்னுத நீ எடுத்துக்கோ பாய்."

இல்லாதவனுக்கு இல்லை, வேண்டாதவனுக்கு வாசலில் வந்து நிற்கிறது. வயிறு எரிந்தது, ஆனால் அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

சர்வீஸ் சென்டரில் சக்திவேல் என்றொரு தம்பி போனை வாங்கி அணைத்து, மறுபடி உயிர் கொடுத்தார். அமெரிக்கக் கம்பெனியின் பெயர் வந்தது, மணி அடித்தது, காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். தம்பி ஒரு பெருமூச்சு விட்டார். எக்ஸ்ரே பார்த்துவிட்டு டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் நமக்கு எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

"சார், இது இந்தியா செட் இல்ல. அமெரிக்கா கேரியர் செட்."

எனக்குத் தெரிந்த கேரியர் நாலு அடுக்கு, சோறு கொண்டு போவது. அதைச் சொல்லவில்லை. "அப்படின்னா என்ன தம்பி?" என்றேன்.

"அங்க இருக்கிற மொபைல் கம்பெனி, சார். அப்டேட்ட நாங்க எழுதி அவங்ககிட்ட குடுத்துடுவோம். அவங்க சோதிச்சுப் பாத்து, அவங்க பேரைப் போட்டு, அவங்கதான் விடணும். எங்களால விட முடியாது."

"எப்ப விடுவாங்க?"

"அது அவங்க இஷ்டம். கொஞ்சம் கொஞ்சமாத்தான் விடுவாங்க, எல்லாருக்கும் ஒரே நாள்ல விட மாட்டாங்க."

"விட்டா எனக்கு வந்துடுமா?"

"அவங்க சிம் உள்ள இருந்தாத்தான் வரும் சார்."

"அப்ப அவங்க விட்டாலும் எனக்கு வராது?"

"வராது சார்."

"விடலைன்னாலும் வராது?"

"அதுவும் வராது சார்" என்றார், மிகுந்த வருத்தத்தோடு. காபி சாப்பிடுகிறீர்களா என்றுகூடக் கேட்டார்.

நான் எத்தனையோ பத்திரம் பார்த்தவன். ஒருவர் விற்பார், ஒருவர் வாங்குவார், அதோடு சொத்து வாங்கினவருடையது. விற்பவரும் இல்லாமல் வாங்கினவரும் இல்லாமல், நடுவில் ஒருவர் ஏழு கடலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு, என் வீட்டு ஜன்னலை நான் எப்போது திறக்கலாம் என்று சொல்கிற பத்திரத்தை நான் எந்தக் காலத்திலும் பார்த்ததில்லை. போன் என்னுடையது, மென்பொருள் எழுதியவர் வேறு, அனுமதி கொடுப்பவர் வேறு. இதற்குப் பெயர் சொந்தமா, வாடகையா? தாங்கள் வியாபாரி, தங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சரி, அந்த நடு ஆளையே கேட்டுவிடுவோம் என்று அமெரிக்கக் கம்பெனிக்கே போன் போட்டேன். ஒரு இயந்திரம் பேசியது. பிறகு சங்கீதம். பிறகு இன்னொரு இயந்திரம். குல்ஷன் வெங்காயம் நறுக்கி, வதக்கி, குழம்பு கொதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு மனிதர் வந்தார். மிக மரியாதையானவர். என் பின்கோடு கேட்டார். 600004 என்றேன். ஒரு இலக்கம் அதிகமாக இருக்கிறதே என்றார். மயிலாப்பூருக்கு அவ்வளவு உண்டு என்றேன். கடைசி இலக்கத்தை விட்டுவிடலாமா என்றார். விட்டால் நான் மயிலாப்பூரிலேயே இல்லை என்றேன். நீங்கள் எங்கள் வாடிக்கையாளரா என்றார். இல்லை, ஆனால் தினம் நாலு தடவை உங்கள் பெயரைத்தான் பார்க்கிறேன் என்றேன். வாடிக்கையாளர் அல்லாதவருக்கு உதவ விதியில்லை என்று வருந்தினார். கடைசியில், "இன்று உங்களுக்கு வேறு ஏதாவது உதவி செய்யட்டுமா?" என்று கேட்டார் பாருங்கள். முதல் உதவியே இன்னும் ஆகவில்லையே ஐயா என்றேன். எங்கள் மேல் இவ்வளவு காலம் நம்பிக்கை வைத்ததற்கு நன்றி என்று சொல்லி வைத்துவிட்டார். குழம்பு அடி பிடித்திருந்தது.

சைதாப்பேட்டை மார்க்கெட் பக்கம் ஷோயப் என்ற பையனிடம் போனால் எந்தப் போனையும் வழிக்குக் கொண்டுவந்துவிடுவான் என்றார்கள். போனேன். பார்த்த உடனே, "ஒரு மணி நேரம் குடுங்க பாய், அந்த அமெரிக்காக்காரன் சாஃப்ட்வேரையே வழிச்சுப் போட்டுட்டு வேற ஏத்திடறேன்" என்றான். அவ்வளவு சுலபமா என்று சந்தோஷப்பட்டேன். "உள்ள இருக்கறதெல்லாம் போயிடும், பரவால்லியா? சில நேரம் செட்டே டெட் ஆயிடும், அதுக்கு நான் பொறுப்பில்ல" என்றான். உள்ளே ஜுவேரியாவின் நிக்காஹ் படங்கள் எல்லாம் இருக்கின்றன, போன மாதம் எடுத்த ஸ்கேன் படம் இருக்கிறது. தவிர, தங்கள் மகன் கொடுத்த போனைச் சைதாப்பேட்டையில் சாகடித்துவிட்டு வந்தேன் என்று எந்த முகத்தோடு தங்களுக்குச் சொல்வேன்? கையில் பிடித்திருந்தவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

இவ்வளவுக்கும் நடுவில் நான் பாங்கைப் பழகிக்கொண்டுதான் இருந்தேன். சொல்லத் தெரியாதென்று இல்லை. ஆனால் பச்சைக் குழந்தையின் காது, சத்தமாகவும் இருக்கக் கூடாது, சுரத்தில்லாமலும் இருக்கக் கூடாது அல்லவா? வீட்டில் பழகினால், "அசர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்கே" என்று மாடி வீட்டில் கேட்கிறார்கள். ஆகவே காலை நடைக்குப் போகும்போது பட்டினப்பாக்கம் கடற்கரையில், அலைச் சத்தத்துக்குள், மெல்லிய குரலில். என்னோடு நடக்க வருகிற அபிராமபுரம் சுயம்புலிங்கம் ரிட்டயரான வங்கி மேனேஜர், எதையும் தீர விசாரிப்பவர். விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "குழந்தை பிறந்ததும் முதல்ல கேக்கற குரல் உங்க குரலா இருக்கணும்ங்கறீங்க. நியாயமான ஆசைதான்" என்று சொல்லி, குழந்தை இருக்க வேண்டிய தூரத்தில் தன் காதைக் கொடுத்து நின்றார். மீன் கடை சொர்ணம் கூடையை இறக்கி வைத்துவிட்டு இதைப் பார்த்துக்கொண்டே நின்றது.

"இன்னா பாய், அவரு காதுல தெனம் இன்னாத்தையோ ஓதிகினு கீறியே, மந்திரிக்கறியா? எனக்கும் இடுப்புப் புடிச்சுகினு கீது, அப்படியே ஒரு கை பாரேன்" என்றது. விஷயத்தைச் சொன்னேன். வஞ்சிரத்தில் ஒரு துண்டை இலவசமாகக் கட்டிக் கொடுத்து, "பேரனோ பேத்தியோ, நல்லபடியா பொறக்கட்டும் போ" என்றது.

சம்பந்தி அவர்களே, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் தாங்கள் பேசும்போது, "உங்க போன் வேலை செய்யலைன்னா என்ன, எம் போன் இருக்குல்ல, நானே சொல்லிடறேன், நீங்க கவலைப்படாம தூங்குங்க" என்றீர்கள். நான் "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். தூங்கவில்லை. தாங்கள் வாணியம்பாடி பஜாரில் வாங்கிய போனுக்கு மாதம் தவறாமல் அப்டேட் வருகிறது, கேட்காமலே வருகிறது, தாங்கள் தூங்கும்போதே வந்து தானே உட்கார்ந்துகொள்கிறது என்று யாசிர் சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தங்கள் போன்மேல் பொறாமை. தங்கள் மேலும்தான். சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. எனக்கு இருப்பது ஒரே மகள். அவள் வயிற்றுப் பிள்ளையை நான் எப்போது கையில் வாங்குவேன் என்று எந்தத் தூதரகத்துக்கும் தெரியவில்லை. கைதான் எட்டாது, குரலாவது எட்டட்டுமே என்று ஆசைப்பட்டேன். அந்தக் காதில் முதலில் விழுவது என் குரலாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் என் ஆசை. அதற்கு ஒரு கம்பெனி சம்மதிக்க வேண்டும் என்று எனக்கு முன்னால் தெரியாது.

ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டேன். "பக்கத்துல இருக்கிற அப்பன்காரன் சொல்றதுதான் முறை. நீங்க ரெண்டு பேரும் சொல்ல ஆசைப்பட்டா ஆசைப்பட்டுக்குங்க, ஆனா அதுக்காக மனஸ்தாபம் ஆயிடக் கூடாது பாய்" என்றார். அது நெஞ்சில் தைத்தது. ஆகவே நேற்று இஷா தொழுகைக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்.

மயிலாப்பூரில் வசிக்கும் கலீமுல்லாவாகிய நான், பிறக்க இருக்கும் குழந்தையின் காதில் பாங்கு சொல்வதில் எனக்குள்ள சகல பாத்தியதையையும், யாருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி, சுயநினைவோடும் முழு மனதோடும், சம்பந்தி இனாயத் ஆகிய தங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். பிற்காலத்தில் இது குறித்து நானோ குல்ஷனோ எந்த ஆட்சேபமும் எழுப்ப மாட்டோம். குல்ஷன் மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். அதனால் இது செல்லாமல் போய்விடாது. ஒரே ஒரு வேண்டுகோள்: தொழுகைக்கு வாருங்கள் என்று அழைக்கிற இடத்தில் தாங்கள் முகத்தைத் திருப்பும்போது போனையும் சேர்த்துத் திருப்பிவிட வேண்டாம், குழந்தைக்குக் கேட்காமல் போய்விடும். நிதானமாகச் சொல்லுங்கள். மண்டியில் ஏலம் விடுகிற வேகம் வேண்டாம்.

ஷகீலா அவர்களுக்கு எங்கள் இருவரின் ஸலாம். முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடு பண்ணித் தேய்க்கச் சொல்லி குல்ஷன் எழுதச் சொன்னாள். தங்கள் இல்லத்தில் பரக்கத் நிறையட்டும். நம் பிள்ளைகளின் பிரசவம் லேசாகட்டும், தாயும் சேயும் நலமாக வரட்டும். ஆமீன்.

இப்படிக்குத் தங்கள் துஆவை நாடும்,
கலீமுல்லா

பின்குறிப்பு: மேலே கண்ட விட்டுக்கொடுத்தல் ரத்து. தயவுசெய்து அந்தப் பகுதியைக் கிழித்துவிடவும். தங்களுக்குப் பாதி தெரியும், என் வீட்டில் நடந்த பாதி தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டித் தபால்பெட்டிக்குக் கிளம்பிய அன்று காலை, சுயம்புலிங்கம் தன் மகன் அசோகனையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அசோகன் அமெரிக்காவிலிருந்து முந்தின நாள்தான் விடுமுறைக்கு வந்தவன். அவனிடம் இருந்தது அதே கம்பெனியின் சிம். "நம்ம சிம்மைப் போட்டுப் பாப்போம் அங்கிள்" என்று என் சிம்மை எடுத்துவிட்டு அதைப் போட்டான். போன் டிங் என்றது. நாள்கணக்கில் புதுப்பிப்பு இல்லவே இல்லை என்று சாதித்த அதே போன், பெரிய அதிகாரியைக் கண்ட பியூன் மாதிரி எழுந்து நின்று, ஐயா இதோ இருக்கிறது என்று நீட்டியது. எங்கள் வீட்டு வைஃபையில் இறங்கிற்று. நிறுவலாமா, பிறகா என்று கேட்டது. இத்தனை நாள் காத்திருந்தவன் பிறகு என்றா சொல்வேன்? பிஸ்மில்லாஹ் சொல்லி அழுத்தினேன். திரை கறுத்தது. அந்தக் கம்பெனியின் பெயர் வந்தது. கீழே ஒரு சின்னக் கோடு நகர ஆரம்பித்தது. அணைக்காதீர்கள் என்று எழுதியிருந்தது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அப்போதுதான் குல்ஷனின் பட்டன் போன் அடித்தது. தாங்கள்தான்.

"கலீம் பாய், பொண்ணு! பொண்ணு பொறந்திருக்கு, ரெண்டு பேரும் சுகம். யாசிர் இதோ என் போன்ல வீடியோல நிக்கறான். உங்க போன் ஆஃப்னு வருதாம். நான் ஷகீலா போன்லேர்ந்து பேசறேன்."

நகர்கிற கோட்டைப் பார்த்தேன். பிறகு, "நீங்களே சொல்லிடுங்க சம்பந்தி" என்றேன். வேறென்ன சொல்ல? என் போன் பாதிக் கோட்டில் நின்றுகொண்டிருக்கிறது.

"நான் எதுக்குச் சொல்லணும்? இந்த போனை அந்த போன் மேல வெக்கறேன். நீங்க சொல்லுங்க. ம், ஆரம்பிங்க, புள்ள அழுவுது."

எங்கள் வீட்டில், தொழுகைக்கு நிற்கிற கிப்லா திசையில் ஃபிரிட்ஜ் இருக்கிறது. அதைப் பார்த்து நின்றேன். இரண்டு கை விரலும் என் காதில், அதனால் பட்டன் போனைக் குல்ஷன் என் வாயருகே பிடித்துக்கொண்டாள். சுயம்புலிங்கமும் அசோகனும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்கள். சொன்னேன். எங்கள் வீட்டிலிருந்து வாணியம்பாடிக்குப் போய், தங்கள் கையில் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குத் தாவி, அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போயிற்று. அத்தனை நேரமும் தங்கள் மூச்சு மட்டும் கேட்டது. நடுவில் குழந்தையின் அழுகை நின்றதும் எனக்குக் கேட்டது. முடித்த பிறகு தூரத்தில் ஜுவேரியா, "அத்தா, கேட்டுச்சு அத்தா" என்றாள். போன் உங்கள் கையில் இருந்தது சம்பந்தி, பேத்தி உங்கள் கண்ணெதிரே இருந்தாள். நீங்களே சொல்லியிருந்தால் யார் என்ன கேட்டிருப்பார்கள்? நானே இந்தக் கடிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன், அதுகூடத் தங்களுக்குத் தெரியாது.

அப்போது யாசிர் கேட்டார்: "இடது காதுல இகாமத் யார் சொல்றீங்க?"

வலது காதில் பாங்கு, இடது காதில் தொழுகை தொடங்கும்போது சொல்கிற இகாமத் என்பது நமக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தெரியும். தெரிந்துகொண்டே இத்தனை நாளும் ஒரே காதுக்கு இரண்டு பேரும் அடித்துக்கொண்டோம். குல்ஷன்தான் போனை என்னிடமிருந்து இழுத்து, "அண்ணே, புள்ளைக்கு ரெண்டு காது இருக்கில்ல, அந்தக் காது உங்களுது, சொல்லுங்க" என்றாள்.

தாங்கள் ஆரம்பித்தீர்கள். நன்றாகத்தான் சொன்னீர்கள், நிதானமாகத்தான் சொன்னீர்கள். பாதியில் தங்கள் குரல் நின்றுவிட்டது. பாழாய்ப்போன கம்பெனிக்காரன் இங்கேயும் சிக்னலை அறுத்துவிட்டானே என்று நான் திட்ட வாயெடுத்தேன். குல்ஷன் என் கையைப் பிடித்து அழுத்தி, பட்டன் போனின் திரையைக் காட்டினாள். சிக்னல் முழுசாக இருந்தது. நாங்கள் காத்திருந்தோம்.